என் பின்னால் சொல்லுங்கள்

டீச்சர் வகுப்பில் கேள்வி கேட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் சொல்வார், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள், அவ்வளவுதான் பாடம். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். அவர் வலது கையைத் தூக்கினால் வகுப்பு மொத்தமும் வலது கையைத் தூக்கி, அவர் சொன்னதைச் சொல்ல வேண்டும். கையை இறக்கினால் வாயை மூட வேண்டும். அறுபது பிள்ளைகள் ஆளுக்கொரு வேகத்தில் இழுத்துக்கொண்டு போனால் ஆங்கிலமா அழுகையா என்று தெரியாது என்பதற்காக, வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்டுபிடித்த உபாயம் அது. ஓய்வு பெறும் வரைக்கும் அதுதான் சோறு போட்டது. பக்கத்து வகுப்பு வாத்தியார்கள், "டீச்சரம்மா கிளாஸ்ல தினமும் கொடியேத்தம் நடக்குது" என்று கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். இங்கிலீஷில் தேறியது அவருடைய பிள்ளைகள்தான்.

அந்தக் கையை அவர் கடல் தாண்டியும் கொண்டுபோவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சபையில் கோடை ஊழியத்துக்கு ஆள் சேர்த்தார்கள். ஒரு மாதம் வெளிநாடு. அங்கே ஒரு சின்னச் சபையின் கூடத்தில் ஊர் மக்களுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடைசிக் கால் மணி நேரம் ஒரு பாட்டு, ஒரு வேதாகமக் கதை. குழுவுக்குத் தலைவர் டீச்சருடைய மாப்பிள்ளை. பேங்கில் வேலை, சபையில் வாலிபர் சங்கச் செயலாளர். குழுவில் கிட்டார் வாசிக்க ஆள் இருந்தது, பாட ஆள் இருந்தது, ஜெபிக்க எல்லாருமே இருந்தார்கள். ஆங்கிலம் சொல்லித்தர மட்டும் ஆள் இல்லை.

"அத்தை, நீங்க வராட்டி எங்க மானம் போயிடும்" என்றார் மாப்பிள்ளை.

டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கணவர் போன பிறகு அவர் மகள் வீட்டில்தான் இருக்கிறார். மாப்பிள்ளை தங்கமானவர், முகம் சுளித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டில் மாமியாராக இருப்பது எப்போதும் கொஞ்சம் ஓரமாகவே உட்கார்ந்திருக்கிற உத்தியோகம். அவரே கூப்பிட்டு நடுவில் உட்காரச் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்?

குழுவுக்கு மஞ்சள் நிறத்தில் டி-ஷர்ட் அடித்தார்கள், முதுகில் ஒரு வசனத்தோடு. சேலைக்கு மேலே டி-ஷர்ட் போட முடியாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அவருக்கு மட்டும் மஞ்சள் தொப்பி. போன முதல் நாளே மாப்பிள்ளை எல்லாரையும் உட்காரவைத்து வேலையை விளக்கினார்.

"இங்கிலீஷ் கிளாஸ்ங்கறது தூண்டில் புழு மாதிரி. அதுக்காகத்தான் வருவாங்க. ஆனா நம்ம வேலை மீன் பிடிக்கறது. அத மறந்துடக் கூடாது."

"அப்ப நான் புழுவா மாப்பிள்ளை?" என்று கேட்டார் டீச்சர்.

"ஐயோ அத்தை, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவைத்தார்.

வகுப்புக்கு வந்தவர்கள் பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்து, வேலை உடுப்போடு வந்த பெரியவர்கள். ஒரு முடிதிருத்துகிறவர், ஒரு டாக்சி டிரைவர், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிற இரண்டு பேர், கடைகளில் நிற்கிற பெண்கள் என்று முப்பது பேருக்குக் குறையாது. அவர்கள் அந்தச் சபையைச் சேர்ந்தவர்களும் இல்லை. வேறு தெய்வத்தை வேறு விதமாகக் கும்பிடுகிறவர்கள். கூடம் சும்மா கிடைத்தது, பாடம் சும்மா கிடைத்தது, வந்தார்கள். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

முன்வரிசையில் தினமும் ஒரே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் இஸ்திரிக்காரி. பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில் படுக்கை விரிப்புகளையும் விருந்தாளிகளின் உடுப்புகளையும் தேய்க்கிறவள். நாற்பதைத் தாண்டியவள், முழங்கைக்குக் கீழே பழைய சூட்டுத் தழும்புகள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை, அதைச் சுற்றிவளைக்காமல் முதல் நாளே சொல்லிவிட்டாள். ஹோட்டலில் மேல் மாடி அறைகளை மேற்பார்க்கும் வேலை ஒன்று காலியாகிறது. அதற்கு விருந்தாளிகளோடு ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேச வேண்டும். மாதக் கடைசியில் மேனேஜர் நேரில் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார். அவள் பேசியது அரைகுறை ஆங்கிலம். நாம் அதைத் தமிழாகவே வைத்துக்கொள்ளலாம்.

"கீழே ஜன்னல் கிடையாது டீச்சர். மேலே போகணும்."

டீச்சருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஒரு மத்தியானம் அவள் வேலை செய்யும் இடத்தையே பார்க்கப் போய்விட்டார். அங்கே என்னென்ன பேச்சு தேவைப்படும் என்று தெரிந்தால்தானே பாடம் எடுக்க முடியும்? நீராவியில் கண்ணாடி மங்கி, எதன்மேல் கை வைக்கிறோம் என்று தெரியாமல் நின்றவரைப் பார்த்து, இஸ்திரிக்காரி தன் சொந்த மொழியில் ஒரு கத்துக் கத்தினாள். டீச்சர் துள்ளி விலகினார். பெட்டி சூடாக இருக்கிறது, கையை எடு என்று அர்த்தமாம். அடித்தளத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் வாக்கியமே அதுதானாம். டீச்சர் அதை வாயில் போட்டு மென்று மென்று, மறுநாள் வகுப்பில் அவர்கள் மொழியிலேயே சொல்லிக் காட்டினார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. முடிதிருத்துகிறவர் எழுந்து நின்று, கையைத் தூக்கி, டீச்சரைப் போலவே தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவருக்கு உச்சரிப்பு திருத்தினார்.

அப்படித்தான் பாடம் நடந்தது. "விரிப்பை மாற்றட்டுமா?" என்று டீச்சர் ஆங்கிலத்தில் சொல்லி, விரிப்பை உதறுகிற மாதிரி நடித்துக் காட்டுவார்; கையைத் தூக்குவார்; முப்பது கைகள் எழும்பும். "எங்கே வலிக்கிறது?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்பார், முப்பது பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். ஒருநாள் நடுவில் அவருக்குத் தும்மல் வந்தது. அதையும் திருப்பித் தும்மினார்கள்.

கடைசிக் கால் மணி நேரம் மட்டும் அவருடையது இல்லை. பாட்டுக்காரப் பெண் பாடுவாள், அந்த ஊர்ச் சபையின் போதகர் கதையை ஊர் மொழியில் சொல்வார். அதிர்ந்து பேசாத மனிதர் அவர். கேட்கிறவர்கள் கேட்பார்கள், பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் கிளம்புவார்கள். அவர் யாரையும் பிடித்து நிறுத்தியதில்லை.

வினை வந்தது ஒரு வியாழக்கிழமை. போதகர் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டார். பாட்டுக்காரப் பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மாப்பிள்ளை ஒரு அட்டையை டீச்சர் கையில் கொடுத்தார். ஆண்டவரை ஏற்றுக்கொள்கிற ஜெபம் அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

"இன்னைக்கு மட்டும் இத வாசிச்சு முடிச்சுடுங்க அத்தை. சும்மா அனுப்பக் கூடாது பாருங்க."

டீச்சர் வாங்கினார். கையில் ஆங்கிலத்தில் ஒரு காகிதம் இருந்து, எதிரே ஒரு வகுப்பும் இருந்தால் அவருக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது. கையைத் தூக்கினார். நான் பாவி என்று அறிக்கையிடுகிறேன் என்றார். முப்பது கைகள் எழும்பின, முப்பது பேரும் பாவியென்று அறிக்கையிட்டார்கள். ஜெபம் ஆயிற்றே என்று அவர் கண்ணை மூடினார், அவர்களும் மூடினார்கள். உம்மை என் இரட்சகராக ஏற்றுக்கொள்கிறேன் என்றார். கூடம் அதிர ஏற்றுக்கொண்டார்கள். அந்த வரியில் எப்போதுமே டீச்சருக்குக் குரல் தழுதழுக்கும். அவர்கள் குரலும் தழுதழுத்தது, நல்ல மாணவர்கள் அல்லவா!

கண்ணைத் திறந்தபோது மாப்பிள்ளை பக்கச் சுவரோரம் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கன்னம் முழுக்கக் கண்ணீர். வகுப்பு பையை எடுத்துக்கொண்டு, வழக்கம் போல நன்றி டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போயிற்று. இதில் என்ன விபரீதம் என்று டீச்சருக்கு அப்போது தோன்றவே இல்லை. மாப்பிள்ளை நெஞ்சுருகுகிற ஆள், பாட்டுக்கே அழுவார்.

மறுநாள் காலை மகள் போன் செய்தாள்.

"அம்மா, நீ பெரிய ஆளாயிட்டே போ! சபை பூரா உன் பேச்சுதான். முப்பது ஆத்துமா ஒரே நேரத்துல! நம்ம பாஸ்டர் ஐயா அந்த வீடியோவ மூணு தடவ போட்டுப் பாத்தாராம்."

"எந்த வீடியோடி?"

"அவர் அனுப்பினது. சபையோட இன்டர்நெட் பக்கத்துலயும் போட்டிருக்காரே, நீ பாக்கலயா? இனிமே மிஷனெரி செக்ரட்டரி வேலை இவருக்குத்தான்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. எல்லாம் உன்னாலதாம்மா."

டீச்சர் பாட்டுக்காரப் பெண்ணின் போனை வாங்கிப் பார்த்தார். கை தூக்கிய முப்பது பேர், மூடிய கண்கள், தழுதழுத்த குரல். கீழே ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. இதே கைகள்தான் எங்கே வலிக்கிறது என்று கேட்டன, இதே வாய்கள்தான் தும்மின. அந்த அட்டையில் இருந்ததை அவர் நடித்துக் காட்டவில்லை. நடித்துக் காட்டக் கூடிய சங்கதியும் இல்லை. எடுத்துச் சொல்லப் போதகரும் இல்லை.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சபையில் இத்தனை வருஷம் பலிபீடத்துக்குப் பூ வைத்ததைத் தவிர யாரும் அவரைப் பற்றிப் பேசியதில்லை. இப்போது பேசுகிறார்கள். மகள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. இரண்டொரு நாளில் தானாக அடங்கிவிடும் என்று மென்று முழுங்கிவிட்டார்.

அடங்கவில்லை. சனிக்கிழமை வகுப்பில் பாதி நாற்காலிகள் காலி. முன்வரிசை நாற்காலியும் காலி. ஜன்னல் வழியாகப் பார்த்தால் இஸ்திரிக்காரி தெருவின் எதிர்ப்பக்கத்தில், மூடிய கடை ஒன்றின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் பாடத்தை அப்படியே போட்டுவிட்டுத் தெருவைத் தாண்டினார்.

"ஏன் உள்ளே வரல?"

"வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க." அவள் சொற்களைத் தேடித் தேடி எடுத்தாள். "வீடியோ. என் மாமியார் பாத்துட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க காட்டினாங்க. பாஷை படிக்கப் போறேன்னு சொல்லிட்டு சாமிய மாத்திட்டு வந்துட்டியான்னு கேக்கறாங்க. வீட்டுல யாரும் பேசறதில்ல. மாடி வேலைக்கும் போக வேண்டாம்னு புருஷன் சொல்லிட்டாரு. புது வேலை வந்தா இன்னும் என்னென்ன மாத்துவியோன்னு கேக்கறாரு."

அவள் இன்னும் கிட்டே வந்தாள். கோபம் இல்லை அவளிடம். பரீட்சையில் ஒரு விடை தெரியாமல் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"டீச்சர், அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?"

வாழ்நாளில் எந்த மாணவியும் அவரிடம் கேட்டிராத கேள்வி அது. அவர்தான் கேள்விக்கே இடம் வைத்ததில்லையே! நடுத்தெருவில் மஞ்சள் தொப்பியோடு நின்று, சின்னச் சின்ன ஆங்கிலத்தில், அவள் என்ன சொன்னாள் என்பதை அவளுக்கு விளக்கினார். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில், "நான் அத நினைக்கவே இல்லையே" என்றாள். பிறகு திரும்பிப் பார்த்துப் பார்த்து நடந்து போய்விட்டாள். யாராவது பார்த்தால் வம்பு.

டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடத்துக்குத் திரும்பினால் போதகர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் குரலே உயர்த்தாத மனிதர், அன்றும் உயர்த்தவில்லை.

"அம்மா, நீங்க விமானம் ஏறிப் போயிடுவீங்க. நான் இதே தெருவுல இருக்கணும். ஒருத்தர் நிஜமா மனசு வந்து கேட்டா எனக்கு அத விட சந்தோஷம் கிடையாது. தெரியாம சொன்னத வச்சு நான் என்ன பண்றது?"

அன்று மாலையே டீச்சர் மாப்பிள்ளையிடம் போனார். அவர் தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு வயர்களைப் பொருத்திக்கொண்டிருந்தார். அங்கே சபையில் காலை ஆராதனை நடக்கும்போது இங்கே மத்தியானம்; இரண்டு கூடத்தையும் திரையில் இணைத்து, டீச்சர் சாட்சி சொல்வதாக ஏற்பாடு.

"மாப்பிள்ளை, அந்த வீடியோவ எடுத்துடுங்க. அவங்க ஜெபம் பண்ணல. பாடம் சொன்னாங்க."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "அப்படிச் சொல்லாதீங்க அத்தை. ஆண்டவர் எந்த வழியா கிரியை செய்வார்னு நமக்கென்ன தெரியும்? நான் கண்ணால பாத்தேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

"அந்த இஸ்திரிக்காரப் பொண்ணு வீட்டுல அவள ஒதுக்கி வச்சுட்டாங்க. வர வேலையும் போகப் போகுது."

"விசுவாசத்துல உபத்திரவம் வரும் அத்தை."

"விசுவாசம் இருக்கறவளுக்கு வரட்டும். இவளுக்கு ஏன் வரணும்?"

அவர் வயரைக் கீழே வைத்தார். பிறகு வந்த குரல் குழுத்தலைவருடைய குரல் இல்லை, வீட்டில் கேட்கிற குரல்.

"இப்ப எடுத்தா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். அங்க எல்லாரும் எப்படிப் பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? நாளைக்கு இதெல்லாம் எதுவும் சொல்லாதீங்க அத்தை. உங்க பொண்ணுக்காகவாவது."

டீச்சர் எழுந்து வந்துவிட்டார். இந்த மாப்பிள்ளை இதுவரைக்கும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்டிருக்கிறார். திரும்பிப் போய் இருக்கப் போவதும் அந்த வீட்டில்தான், அந்த மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அதையெல்லாம் நினைக்காமல் இருக்க அவர் ஒன்றும் சிலை இல்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கேள்வி வந்து நின்றது. நான் என்ன சொன்னேன் டீச்சர்?

ஞாயிறு மத்தியானம் கூடத்துச் சுவரில் சொந்த ஊர்ச் சபை பெரிதாகத் தெரிந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது. வகுப்பிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள்; டீச்சர் தன் ஊரைக் காட்டப்போகிறார் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தது. முன்வரிசை நாற்காலி காலியாகவே இருந்தது. மாப்பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம டீச்சரம்மா சாட்சி சொல்லுவாங்க" என்றார் திரையில் பாஸ்டர் ஐயா. "அம்மா, ஆண்டவர் உங்கள எவ்வளவு வல்லமையா உபயோகிச்சார்னு சொல்லுங்க."

டீச்சர் முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றினார். திரையில் மூன்றாவது வரிசையில் மகள் உட்கார்ந்திருந்தாள், பட்டுச் சேலையில், முகமெல்லாம் பல்லாக.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த ஊர் பாஷையில ஒரு வாக்கியம் கத்துக்கிட்டேன். சாட்சிக்கு முன்னாடி நீங்களும் அத என் பின்னால சொல்லுங்க."

வலது கையைத் தூக்கினார்.

சபையில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். கை தானாக எழும்பியது. அதைப் பார்த்து மீதிப் பேரும் தூக்கினார்கள். பாஸ்டர் ஐயா தூக்கினார், மகள் தூக்கினாள், வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைகூட இன்னொரு கையைத் தூக்கினார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சின்ன வாக்கியத்தைத் துண்டு துண்டாக, குரல் தழுதழுக்கச் சொன்னார். நானூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு, குரல் தழுதழுக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை சொன்னார். இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்தப் பக்கம் கூடத்தில் முடிதிருத்துகிறவர் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்சி டிரைவரால் முடியவில்லை, வெடித்துச் சிரித்துவிட்டார். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். ஏதோ ஆனந்தம் என்று நினைத்து, திரையில் சொந்த ஊர்ச் சபையும் புன்னகை செய்தது.

டீச்சர் கையை இறக்கினார். "இப்ப என்ன சொன்னீங்க?"

"கர்த்தர் நல்லவர்னு?" என்றது ஒரு குரல். "இயேசு ஜீவிக்கிறார்னு!" என்றது இன்னொன்று.

"இல்ல. இஸ்திரிப்பெட்டி சூடா இருக்கு, கையை எடுன்னு சொன்னீங்க."

இரண்டொருவர் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"வியாழக்கிழமை இவங்களும் இப்படித்தான் சொன்னாங்க. நான் கையத் தூக்கினா கையத் தூக்குவாங்க. நான் கண்ண மூடினா மூடுவாங்க. நான் அழுதா அழுவாங்க. அதுல என்ன எழுதியிருந்ததுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. யாரும் ஆண்டவர ஏத்துக்கல, யாரும் எதையும் மாத்திக்கல. அது சாட்சி இல்ல, பாடம். தப்பு என் மேலதான். வீடியோ எடுத்தவர் உண்மைன்னு நம்பித்தான் எடுத்தாரு. தெரிஞ்ச அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும், சொல்லல. அதனால இங்க ஒரு பொண்ணு வீட்டுல தலை நிமிர முடியாம கிடக்கிறா. என்னை மன்னிச்சுக்கங்க."

திரையில் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பாஸ்டர் ஐயா தொண்டையைச் செருமி, ஒரு ஞானப்பாட்டின் எண்ணைச் சொன்னார். பாட்டு தொடங்குவதற்குள் யாரோ இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்துவிட்டார் போலிருக்கிறது. டீச்சர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் நிஜமாவே அழுதேன் அத்தை."

"தெரியும் மாப்பிள்ளை. அதுக்காகத்தான் ரெண்டு நாளா வாயத் திறக்க முடியாம கிடந்தேன்."

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினார். பிறகு கட்டைவிரலால் பழைய வீடியோவை அழித்தார். ஸ்தோத்திரங்கள் அத்தனையும் அதோடு போயின. அதே இடத்தில் இப்போது எடுத்ததைப் போட்டார், முழுசாக, டீச்சர் மன்னிப்புக் கேட்டதோடு. போட்டு முடித்துவிட்டு எழுந்தார்.

"அந்தம்மா வீடு எங்க இருக்கு? நானும் வரேன். ஊருக்கெல்லாம் காட்டினவன் நான்தானே."

போதகர் வழிகாட்டினார். இஸ்திரிக்காரியின் வீட்டுக் கதவைத் திறந்தது அவளுடைய மாமியார். மஞ்சள் டி-ஷர்ட்டைப் பார்த்ததும் கதவு பாதியில் நின்றது. போதகர் மெல்லப் பேசினார். மாப்பிள்ளை இரண்டு கையாலும் போனை நீட்டினார். கிழவி விருப்பமில்லாமல் பார்த்தாள். தெரியாத தேசத்தில், தெரியாத உடுப்பில், நானூறு பேர் கண்ணை மூடிக் கைகளைத் தூக்கிக்கொண்டு, கண்ணீர் மல்க, அவளுடைய சொந்த மொழியில் பெட்டி சூடு, கையை எடு என்று முழங்கினார்கள். கிழவியின் உதடு துடித்தது. இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு உள்ளே திரும்பி மகனைக் கூப்பிட்டாள், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டாள். கடைசியில் மருமகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வீட்டில் அவள் பெயரை யாரோ சொன்னது அந்த வீடியோவுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று போதகர் பிற்பாடு சொன்னார். சிரித்து ஓய்ந்த பிறகு கிழவி மாப்பிள்ளையைப் பார்த்து நீளமாக ஏதோ திட்டினாள். போதகர் அதை மொழிபெயர்க்கவில்லை. மாப்பிள்ளையும் கேட்கவில்லை, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

மகளிடமிருந்து அன்று ஒரே ஒரு செய்தி வந்தது. "ஏம்மா இப்படிப் பண்ணே" என்று மட்டும். மிஷனெரி செக்ரட்டரி வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கிறார்கள் என்று குழுவில் பேச்சு. டீச்சர் பதில் போடவில்லை. போட்டாலும் ஒருவரிச் செய்தியில் அடங்குகிற சங்கதி இல்லை அது. வீட்டுக்குப் போய் முகத்துக்கு நேராகத்தான் சொல்ல வேண்டும், அது சுலபமாக இருக்கப் போவதில்லை.

திங்கட்கிழமை காலியாய்க் கிடந்த நாற்காலிகள் எல்லாம் நிரம்பியிருந்தன; முன்வரிசை நாற்காலியில் இஸ்திரிக்காரி உட்கார்ந்திருந்தாள். மாடி வேலைக்குப் புருஷனும் சரி என்றுவிட்டார்; மேனேஜர் கூப்பிட்டிருந்த நாள் நெருங்கிவிட்டது. டீச்சர் முதல் பாடமாக, விருந்தாளி கோபமாக வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை எடுத்துக்கொண்டார். சிரமத்துக்கு மன்னிக்கவும், உடனே கவனிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஊறிப்போன பழக்கம், கை தானாக மேலே போயிற்று. முப்பது கைகளில் இருபத்தொன்பது எழும்பின. முன்வரிசையில் அவள் கைகள் மட்டும் மடியிலேயே இருந்தன.

"முதல்ல அர்த்தம் சொல்லுங்க டீச்சர்" என்றாள் இஸ்திரிக்காரி.

தூக்கிய கையை டீச்சர் இறக்கினார். மற்றவர்களும் இறக்கினார்கள்.